வலை சார்

அவர் பிறக்கும்போதே தொட்டிலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டிருந்தார் என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பள்ளிக்கூடத்துக் குழுப் படங்களைப் பார்த்தால் அம்மா முழுப் பொய் சொல்லவில்லை என்று தெரியும். எல்லா வருஷமும் கடைசி வரிசை, எல்லா வருஷமும் தலை படத்துக்கு வெளியே. கழுத்துக்கு மேல் அவர் அந்த நாட்களில் எப்படி இருந்தார் என்பதற்குச் சாட்சியே கிடையாது.

இத்தனை உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. விளையாட்டு வாத்தியார் ஒருவர் ஆசை ஆசையாக அவரை வாலிபால் அணியில் சேர்த்தார். பந்து வந்தால் மற்றவர்கள் எம்புவார்கள், இவர் குனிந்துகொள்வார். ஒரு பந்தயத்தில் எதிரணி அடித்த பந்து இவர் முதுகில் பட்டு எதிரணிக்கே திரும்பிப் போய் விழுந்தது. ஆட்ட வாழ்க்கையில் அவர் எடுத்த ஒரே பாயின்ட் அதுதான். வாத்தியார் அவரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நீ நல்லாப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பிறகு அந்த உயரம் நிலைப்படியில் இடித்துக்கொள்ளவும், அக்கம்பக்கத்து வீடுகளில் பல்பு மாட்டிக் கொடுக்கவும் மட்டுமே உதவியது.

படிப்பும் அப்படியொன்றும் பிரமாதமாக வந்துவிடவில்லை. அங்கே இங்கே அலைந்து, கடைசியில் சிறார் காப்பகத்தில் காவலர் வேலை கிடைத்தது. காப்பகம் என்பது வாசல் பலகையில் எழுதியிருக்கும் பெயர். வழக்கு முடியும் வரைக்கும், சில பேருக்குத் தண்டனை முடியும் வரைக்கும், பதினெட்டு வயது நிரம்பாத பையன்களைப் பூட்டி வைக்கிற இடம் அது. வெளிர்ப்பச்சை அடித்த இரும்புக் கதவுகள், பினாயில் வாடை, பகலிலும் அணையாத தாழ்வார விளக்கு, நடுவில் நான்கு பக்கமும் சுவர் எழும்பிய ஒரு சிமென்ட் முற்றம். ஆளைப் பார்த்தாலே பையன்கள் பயப்படுவார்கள் என்று நம்பித்தான் அவரை எடுத்தார்கள். பையன்களோ முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், இந்த மனுஷனுக்கு அதட்டவே வராதென்று. "கொஞ்சம் உள்ள போறீங்களாப்பா" என்று கேட்டுக் கதவைப் பூட்டுகிற காவலரை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். குட்டையான பெண், குரல் மட்டும் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். "எங்க வீட்ல உயரம் அவருக்கு, சத்தம் எனக்கு. சரியா பிரிச்சுக்கிட்டோம்" என்பாள்.

காப்பகத்தில் அப்போதெல்லாம் பையன்கள் சரியாகத் தூங்க மாட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே கிடந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? தட்டு உரசியதற்கு ஒரு அடிதடி, பார்வை சரியில்லை என்று ஒரு அடிதடி. அடித்துக்கொள்கிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிற பையன்களை நினைத்துத்தான் நம் காவலர் கவலைப்படுவார். வாரத்தில் சில நாள் வருகிற மனநல ஆலோசகருக்கும் அதே கவலை. பையன்களுக்கு அவர் 'மேடம்'. கண்காணிப்பாளரின் அறைக்குள் போய் மேடம் போட்ட சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது.

"இந்த வயசுல உடம்பு ஓடணும் சார். உடம்ப ஓட விடலைன்னா மனசு ஓட ஆரம்பிச்சிரும். அது எங்க போய் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

கண்காணிப்பாளர் இறங்கி வந்தார். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆட்டம் என்று முடிவாயிற்று. ஒரு வாலிபாலும் வாங்கித் தந்தார்கள். பந்து வந்ததே தவிர வலை வரவில்லை. காப்பகத்துக்குள் ஒரு முழத்துக்கு மேல் நீளமான கயிறோ நாடாவோ எதுவும் வரக்கூடாதென்பது சட்டம். பெல்ட் கிடையாது, ஷூவுக்கு லேஸ் கிடையாது. ஏன் என்று யாரும் யாருக்கும் விளக்கியதில்லை, எல்லோருக்கும் தெரியும். முற்றத்தின் நடுவே சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, இதுதான் வலை, ஆடுங்கள் என்றார்கள்.

ஆட்டம் தொடங்கிய வேகத்தில் சண்டையும் தொடங்கியது. பந்து வலைக்கு மேலே போனதா, கீழே போனதா? இல்லாத வலைக்கு எது மேல், எது கீழ்? ஒரு பக்கத்துக்குத் தலைவன் தாடி. மோவாயில் எண்ணிவிடக்கூடிய சில முடிகளை வைத்துக்கொண்டு அவற்றை ஓயாமல் தடவிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். மறுபக்கத்துக்குத் தலைவன் வக்கீல். தன் வழக்கில் தனக்கு வாய்த்த வக்கீலைவிடத் தானே நன்றாக வாதாடுவேன் என்று நீதிபதியிடமே சொன்ன பையன். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நம் காவலர் ஓடிப்போய் நடுவில் புகுந்து, இரண்டு கையையும் அகல விரித்து ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிவிட்டு அப்படியே நின்றார். அந்த நேரம் பின்வரிசையில் எவனோ ஒருவன் பந்தை அடித்தான். அது அவர் தலைக்கு மேலே அழகாகப் போய் மறுபக்கம் இறங்கியது.

வக்கீல் சட்டையை விட்டான். "இப்ப தெளிவா தெரியுதுடா. மேலதான் போச்சு."

"சார், அப்படியே நில்லுங்க சார்" என்றான் தாடி.

அவர் நின்றார். அன்றைக்கு நின்றவர்தான், அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் விடாமல் நின்றார். தன் உயரத்துக்கு இப்படியொரு வேலை உலகத்தில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. பையன்களுக்கு அவர் வலை சார் ஆகிவிட்டார்.

வலைக்கென்று விதிகள் சேர்ந்துகொண்டே போயின, எல்லாம் வக்கீல் வைத்ததுதான். வலை நகரக் கூடாது. வலை சிரிக்கலாம், ஆனால் குலுங்கக் கூடாது. பந்து வலையின் மேல் பட்டால் அடித்தவனுக்குத் தப்பு, மூக்கில் பட்டால் தப்போடு மன்னிப்பும் கேட்க வேண்டும். வலை யாருக்கும் பதில் பேசக் கூடாது, மேலா கீழா என்று கேட்டால் மட்டும் சொல்லலாம். கோட்டின் மேல் கையை விரித்து நின்றால் ஒரு பக்கத்துக்கு முகம், மறுபக்கத்துக்கு முதுகு. அதனால் ஆட்டத்தின் பாதியில் வலை ஒருமுறை திரும்பி நிற்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். மனைவி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அங்க நிக்கிற மாதிரி மொட்டை மாடியிலயும் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா நான் துணி காயப்போட்டுக்குவேன்" என்பாள்.

பையன்கள் தூங்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு அறையில் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். அடிதடி குறைந்தது. பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வாதாடுகிறவர்களுக்கு வேறு சண்டைக்கு நேரம் எங்கே?

இதற்கிடையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒருநாள் பந்து சுவரோரம் உருண்டுபோய், எடுத்து வருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வலைக்குப் பின்னால் முன்வரிசையில் நின்ற தாடி, யாருக்கும் கேட்காத குரலில், "அம்மா இந்த வாரமும் வரல சார்" என்றான். வலை திரும்பவில்லை. விதிப்படி பதில் சொல்லவும் கூடாது. பந்து வந்தது, ஆட்டம் தொடர்ந்தது. அன்றைக்குத் தாடி ஆடிய ஆட்டம் அபாரம்.

எப்படியோ அது பரவிவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பதைப் பையன்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். டாஸ் ஜெயித்தவன் முதுகுப் பக்கத்தைக் கேட்டு வாங்கினான். ஆட்டக்காரர்கள் இடம் மாறும் சுற்றில் முன்வரிசைக்கு வருகிறவன் பந்தை எதிர்பார்க்கிற மாதிரி வலையை ஒட்டி நின்றுகொண்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். ஒருவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதாம், யாருக்கும் தெரிய வேண்டாமாம். ஒருவனுக்குத் தான் கத்தியை நீட்டிய கடைக்காரரின் முகம் அடிக்கடி ஞாபகம் வருகிறதாம். வக்கீல் ஒருநாள் வந்து நின்று, "சாப்பாட்டு ரூம் கண்ணாடிய நான்தான் ஒடச்சேன் சார்" என்றான். அந்தக் கண்ணாடியை உடைத்தவன் யார் என்று அந்த வாரம் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தவர் இதே காவலர்தான். வலை அசையவில்லை.

"கண்ணாடிய ஒடச்சது யாருன்னு தெரிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"காவலருக்குத் தெரியல. வலைக்குத் தெரியும்."

"நல்ல பொழப்பு" என்று சிரித்தாள் அவள். "எனக்கும் பஸ்ல அப்படித்தாங்க. டிரைவர்கூட பேசாதீங்கன்னு போர்டு மாட்டியிருக்கான், கண்டக்டர்கூட பேசாதீங்கன்னு மாட்டல. ஊர் உலகத்து மாமியார் சண்டையெல்லாம் என் காதுலதான் வந்து விழுது."

அவருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். மேடத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் ரூம் போட்டு, நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். உங்க முதுகுக்கு வந்த யோகத்தப் பாருங்க" என்றவர், பிறகு நிதானமாகச் சொன்னார்: "பேசட்டும் சார், நல்லது. எதையும் என்கிட்ட வந்து சொல்ல வேணாம். ஒரே ஒரு விஷயம். எவனாவது உயிர் வேணாம்ங்கிற மாதிரி பேசினா, அது மட்டும் அந்த நிமிஷமே எனக்குத் தெரியணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் இப்படியொரு விலக்கு இருக்கிறதென்பதைப் பையன்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வலை வாய் திறந்து இதையெல்லாம் எப்படிச் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ. தப்பு அவர் பேரில்தான், அதில் சந்தேகமில்லை.

அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். பெயர் வைக்கக்கூட யாருக்கும் இடம் கொடுக்காததால் 'புதுசு' என்றே நின்றுவிட்டது. கேட்டதற்குத் தலையாட்டுவான், வைத்ததில் பாதியைத் தின்பான், மற்ற நேரமெல்லாம் சுவர்ப் பக்கம் முகம். வக்கீல் ஒருநாள் அவன் அறை வாசலில் போய் நின்று, எங்கள் பக்கம் ஆள் குறைகிறது, நீ வராவிட்டால் அது அநியாயம் என்று தொண்டை வற்ற வாதாடினான். வாதத்துக்குப் பயந்தோ என்னவோ, புதுசு எழுந்து வந்தான். வந்து நட்டுவைத்த மாதிரி நின்றான். பந்து தோளில் பட்டாலும் திரும்பவில்லை. "இன்னிக்கு ரெண்டு வலைடா" என்று தாடி கிண்டல் செய்தான். ஆனாலும் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். காவலருக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

அப்படி வந்த ஒரு சாயங்காலம் சுற்றில் அவன் முறை வந்து, வலையின் முதுகுக்குப் பின்னால் நின்றான். எதிர்ப்பக்கத்தில் தாடி பந்தை உயரத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். பிடரிக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலைக் காவலர் அதுவரை கேட்டதே இல்லை.

"சார், காலைல கண்ணு முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது. தினமும் தோணுது."

தாடி அடித்துவிட்டான். பந்து வருவது காவலரின் கண்ணுக்குத் தெரிந்தது. விரித்த கைகள் தாமாகக் கீழே இறங்கின. அவர் திரும்பினார். பந்து அவர் முதுகில் பட்டு எங்கேயோ போயிற்று, யாரும் எடுக்கப் போகவில்லை.

"டேய், வலை திரும்பிருச்சுடா" என்றான் ஒருவன்.

"வாப்பா, மேடம்கிட்ட போலாம். நானும் கூட வரேன்" என்றார் அவர்.

புதுசு ஒரு அடி பின்னால் போனான். "நான் வலைகிட்டதான சொன்னேன்."

"வலைய விடு. நான் வரேன்."

அவர் அவன் தோளில் கை வைத்து நடத்திக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். மேடம் தோள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். காவலரின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தார். அன்றைக்கே மருத்துவர் வந்தார். பையனை நர்ஸ் அறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றி, எந்நேரமும் கூட ஒரு ஆள் இருக்கும்படி செய்தார்கள். அறைக்குள் போகும்போது புதுசு காவலரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆட்டம் நடந்தது. டாஸ் ஜெயித்த தாடி முகத்துப் பக்கத்தைக் கேட்டான். முன்வரிசையில் நின்றவர்கள் வலையை விட்டு எட்டி நின்றார்கள். பந்து போகும் சத்தமும் வரும் சத்தமும் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. இத்தனை நாளும் பந்தை எதிர்பார்த்தா நின்றோம், இவர்களுடைய ரகசியங்களை எதிர்பார்த்துத்தானே நின்றோம் என்று அவருக்கு அன்றுதான் உறைத்தது. மனது விட்டுப்போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி கேட்டாள்: "என்ன, மொகம் பிரேக்டவுன் ஆன வண்டி மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னார். "நம்பிச் சொன்னான், நான் காட்டிக் கொடுத்துட்டேன். இனிமே ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்" என்றார்.

அவள் டிக்கெட் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "உங்களுக்கு அவன் பேசறது முக்கியமா, இருக்கறது முக்கியமா?"

"இருக்கறதுதான்."

"அப்பறம் என்ன? கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம். நாளைக்குப் போய் பசங்ககிட்ட நேரா பேசுங்க. முதுகக் காட்டிக்கிட்டே எத்தனை நாள் நிப்பீங்க?"

அடுத்த நாள் ஆட்டத்துக்கு முன்னால் அவர் கோட்டின் மேல் நிற்காமல், பையன்களைச் சுவரோரம் உட்காரச் சொல்லித் தானும் தரையில் உட்கார்ந்தார். அத்தனை நீளக் காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே தைரியம் கொடுத்தது.

"நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான். நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது. ஆனா ஒருத்தன் உயிர் போற விஷயம்னா நான் சும்மா நிக்க மாட்டேன். கையத் தொங்கப் போட்டுட்டு ஓடுவேன். நாளைக்கே இன்னொருத்தன் சொன்னாலும் ஓடுவேன். வேணாம்னா வேற வலை பாத்துக்கங்க."

வக்கீல்தான் தொண்டையைச் செருமினான். "இது விதில இல்லியே சார்."

"சேர்த்துக்கோ."

வக்கீல் யோசித்தான். அவன் யோசித்தால் மற்றவர்கள் காத்திருப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. "சரி, எழுதிக்கங்கடா. உயிர் விஷயம் மட்டும் வலைல மாட்டும். மத்ததெல்லாம் தாண்டிப் போயிரும்." எழுதிக்கொள்ள அங்கே யாரிடமும் பேனா இல்லை. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். தாடி மட்டும், "அவன் எப்ப சார் வருவான்? ஆள் குறையுது" என்று கேட்டான்.

அது அவருக்கும் தெரியவில்லை. மேடத்தைக் கேட்டால், "வருவான், அவசரப்படுத்தாதீங்க" என்பார். நர்ஸ் அறைப் பக்கம் போகும் சாக்குகளைக் காவலர் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். தலைவலி மாத்திரை வாங்கப் போனார், மாத்திரை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கப் போனார். பையன் கட்டிலில் உட்கார்ந்து மேடத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பது ஒருநாள் கதவு இடுக்கில் தெரிந்தது. அவன் பேசுகிறானே, அது போதும் என்று திரும்பி வந்தார். முற்றத்தில் பையன்கள் மெல்ல மெல்ல மறுபடியும் முதுகுப் பக்கம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஒருவன் வராதவரை, கையை விரித்து நிற்பதில் அவருக்குப் பழைய நிறைவு இல்லை.

வெயில் இன்னும் சுவருக்கு மேலே நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம் மேடமே அவனை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன்கள் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள். அந்த வயதில் அதைவிட மரியாதையாக நடந்துகொள்ள ஒருவருக்கும் தெரியாது. வக்கீல், "எங்க பக்கம்தான் நீ, பின்னாடி நில்லு" என்று மட்டும் சொன்னான்.

புதுசு பின்வரிசையில் நின்றான். சுற்று நகர்ந்து நகர்ந்து அவனை முன்னால் கொண்டுவந்தது. முதுகுக்குப் பின்னால் அவன் வந்து நிற்பதைக் காவலர் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். மன்னித்தானா, வெறுத்தானா, அதெல்லாம் அவருக்கு வேண்டாம். எதையாவது சொல்லிவிட்டால் போதும்.

"சார்."

வலை அசையவில்லை.

"நாளைக்கு சைடு மாத்தணும் சார். வெயில் கண்ணுல குத்துது."

நாளைக்கு என்றான். அவர் காதால் கேட்டார், சரியாகத்தான் கேட்டார். விதியாவது ஒன்றாவது.

"மாத்திரலாம்பா" என்று சொல்லிவிட்டார்.

எதிர்ப்பக்கத்தில் தாடி பந்தைத் தரையில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். "தப்பு. வலை பேசிருச்சு. பாயின்ட் எங்களுக்கு."

"அதெப்படிடா உங்களுக்கு?" என்றது ஒரு குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புதுசு கோட்டைத் தாண்டி, வலையின் விரித்த கைக்கு அடியில் புகுந்து எதிர்ப்பக்கம் போய், தாடியின் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தான். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. "வலை எங்க ஆள்கிட்டதான பேசுச்சு? பாயின்ட் எங்களுக்குத்தான். நான் விட மாட்டேன்."

வக்கீல் வாயைப் பிளந்தபடி நின்றான். பிறகு தாடியும் கத்தினான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், முற்றமே இரண்டு பட்டது. பிரித்து வைக்க வேண்டிய காவலரோ கையை விரித்தபடியே, கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லாமல், அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.